அழுத பிள்ளை
(யாங்கோன் தமிழ்க் கிறிஸ்தவர்களின் லெந்து காலக் கூடுகையில் பேசியது)

தலைமை வகிக்கும் போதகர் ஐயா அவர்களே, மோல்மேனிலிருந்து சோதனைச் சாவடிகளை எல்லாம் தாண்டி பஸ்ஸில் வந்து சேர்ந்திருக்கிற மூப்பர் ஐயா அவர்களே, பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மா அவர்களே, மண்டபத்தை நமக்குத் திறந்துவிட்டு, தமிழ் புரியாவிட்டாலும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிற கரேன் சபைப் பெரியவர்களே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பொருளாளர் அண்ணன் பின்னால் நிற்கிறார், அவருக்கும் வணக்கம். அவரை விட்டால் மைக்குக்கு ஜெனரேட்டர் இல்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு, கஷ்ட காலத்தில் விசுவாசமும் சந்தேகமும். யோபு, பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா, சந்தேகப்பட்ட சீஷன் தோமா என்று மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பழமொழி உங்களுக்குத் தெரியும். நான் மைக்கைப் பிடித்தாலே இளைஞர்கள் எனக்கு முன்னால் சொல்லிவிடுகிறார்கள்: அழுத பிள்ளை பால் குடிக்கும். சிரிக்காதீர்கள், இன்றைக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

யோபு பிறந்த நாளைச் சபித்தான், கடவுளை வழக்குக்குக் கூப்பிட்டான். சிநேகிதர்கள் மூன்று பேரும் கடவுளுக்கு வக்காலத்து வாங்கினார்கள். கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அந்த மூன்று பேர் மேல்தான். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தது. நம் சபையில் அந்த ஏழு நாள் ஏழு நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. போன மழைக்காலத்தில் ஒரு தாயார் ஜெபக்கூட்டத்தில், "கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது, அவர் காதிலே விழலையே" என்றார். "அவிசுவாசம் பேசாதீங்க" என்று உடனே ஒருவர் அடக்கினார். அந்த அம்மா அதற்கப்புறம் வரவில்லை.

நம் வீடுகளில் கஷ்டத்துக்குப் பஞ்சமா? 1942இல் குண்டுக்குப் பயந்து அசாம் பக்கம் நடந்தார்கள், பாதிக் குடும்பம் வழியிலேயே போனது. 1964இல் கடை கண்ணியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பலேறியவர்கள் போக மிச்சம் நாம். 2008 மே மாதம் நர்கீஸ் புயல். 2021க்குப் பிறகு நடப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம், 2025 மார்ச் 28, சகாய்ங் பூகம்பம். பழைய ஆவாப் பாலம் ஐராவதியில் விழுந்ததைப் பார்த்தபோது எனக்கு ஜட்சன் ஐயா ஞாபகம்தான் வந்தது, ஏனென்றால் அவர் கிடந்த சிறை அந்த ஆவாவில்தான்.

அந்தக் கதையைக் கேளுங்கள். 1813இல் மனைவி ஆனோடு ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுக்க ஆறு வருஷம் ஆனது. 1824இல் ஆங்கிலேயனோடு சண்டை. இவர் அமெரிக்கர், ஆனாலும் வெள்ளைக்காரன் என்றால் வேவுகாரன்தானே? ஆவாவில் பிடித்துப் போட்டார்கள். ராத்திரியானால் விலங்கு போட்ட கால்களுக்கு நடுவே மூங்கிலைச் செருகி மேலே தூக்கிவிடுவார்கள், தோளும் தலையும் மட்டும் தரையில் இருக்கும். வெளியே ஆன் அம்மாள், வயிற்றில் பிள்ளையோடு, அதிகாரி அதிகாரியாக அலைகிறார். வீட்டில் இன்னொரு கவலை, ஐயா பர்மிய மொழியில் எழுதி வைத்த புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதி. முதலில் மண்ணில் புதைத்தார். மழைக்காலம் வருகிறது, செல்லரித்துவிடுமே! எடுத்து ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்தார். யாரும் ஆசைப்படக் கூடாது என்று வேண்டுமென்றே கரடுமுரடாகத் தைத்தார். நம் பெண்கள் ஐக்கியத்தில் யாராவது இருந்திருந்தால் பூ வேலை செய்து காரியத்தைக் கெடுத்திருப்பார்கள்! (சிரிப்பு.) அந்தத் தலையணையைச் சிறைக்குள் கொடுத்தனுப்பினார். ஐயா அதன் மேல் தலைவைத்துப் படுத்தார். பிறகு கைதிகளை வேறு ஊருக்கு விரட்டியபோது, காவலாளி ஒருவன் மேலுறைப் பாயை உருவிக்கொண்டு பஞ்சு மூட்டையை வீசி எறிந்துவிட்டான். மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி வந்தார், எஜமானின் ஞாபகமாக இருக்கட்டும் என்று வீட்டுக்கு எடுத்துப்போனார். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. மாசக்கணக்கான பிறகு பிரித்தால் பிரதி அப்படியே இருந்தது.

மேடைகளில் கதையை இங்கே நிறுத்தி அல்லேலூயா சொல்லிவிடுவார்கள். நான் நிறுத்தமாட்டேன். விடுதலையான பிறகுதான் ஐயா நொறுங்கினார். 1826 அக்டோபரில் ஆன் இறந்தார், கணவர் பக்கத்தில் இல்லை. ஆறு மாசத்தில் குழந்தையும் போனது. மோல்மேன் காட்டில் தனிக் குடிசை போட்டு, தனக்கே ஒரு குழி வெட்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கடவுளை நம்புகிறேன், ஆனால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கடிதத்தில் எழுதினார், ஒளிக்கவில்லை. அதே மனிதர்தான் 1834இல் பர்மிய வேதாகமம் முழுவதையும் முடித்தார். சந்தேகம் தீர்ந்த பிறகுதான் உட்கார்ந்தார் என்று யார் சொன்னது? எழுதிக்கொண்டே அழுதார். அழுத பிள்ளை!

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன். போதகர் ஐயா சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். அழுவதற்கு நமக்குச் சங்கீதங்கள் இருக்கின்றன. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறது. இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேரால் வாசிக்க முடியும்? வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், கீர்த்தனையைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். 1960களில் பள்ளிகள் அரசுடைமையானபோது தமிழ் எழுத்தும் கைநழுவியது. அதற்கப்புறம் நாம் தேடிப் போகவில்லை, அதுதான் என் வருத்தம். பர்மிய வேதாகமம் அருமையானது, பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் பர்மிய மொழி வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் பாட்டி படுத்திருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து அவள் சங்கீதத்தை வாசிக்க ஒரு பேரன் வேண்டாமா? பரம்பரை பரம்பரையாக நம்மவர்கள் எதை வாசித்து அழுதார்களோ, அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளைக்கு விசுவாசம் இல்லை என்று குறை சொல்கிறோம்.

தோமாவைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். அவர் எப்போதும் காட்டுவார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு மணிநேரம் இந்த மண்டபத்தின் பின் அறையைத் தருவதாகக் கரேன் சபைப் பெரியவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வாடகை கேட்கவில்லை, அதற்காக அவர்களுக்கு ஒரு கைதட்டல். அரிச்சுவடி நான் கொண்டுவருகிறேன். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், முக்கியமாக மோல்மேன் மூப்பர் ஐயா அவர் ஊரிலும் இதைத் தொடங்க வேண்டும், மேடையிலேயே கேட்டுவிட்டேன், இனி மறுக்க முடியாது. பெயர் கொடுக்கிறவர்கள் வாசலில் பொருளாளர் அண்ணனிடம் கொடுங்கள். கரண்ட் இல்லாத நாளிலும் வகுப்பு உண்டு, பிள்ளைகளுக்கு ஒரு விசிறி கொடுத்து அனுப்புங்கள்.