எந்த அன்னா எழுதினாள்?

வணக்கம். ஒரு பெண் நாவல் எழுதிவிட்டால் அவரிடம் வந்து விழும் முதல் கேள்வி, "இது உங்க சொந்தக் கதையா?" என்பதுதான். ஆண்களிடமும் கேட்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெண்ணிடம் கேட்கும்போது குரலில் ஒரு விசாரணை வந்துவிடும்.

ஆங்கில எழுத்தாளர் டோரிஸ் லெஸ்ஸிங்கையும் அப்படித்தான் கேட்டார்கள்.

நான் பேச வந்தது 1962இல் வெளியான அவருடைய 'தி கோல்டன் நோட்புக்' பற்றி. நாயகி அன்னா வுல்ஃப் ஒரே ஒரு நாவலில் பேர் வாங்கியவள், அப்புறம் எழுத வராமல் தவிக்கிறாள். தன்னை ஒரே நோட்டில் எழுதப் பயந்து நான்கு நோட்டு வைத்துக்கொள்கிறாள்: கறுப்பில் ஆப்பிரிக்க நாட்களும் அந்த நாவலும், சிவப்பில் கம்யூனிஸ்ட் கட்சி, மஞ்சளில் கதை, நீலத்தில் நாட்குறிப்பு. லெஸ்ஸிங்கும் தெற்கு ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) வளர்ந்து 1949இல் லண்டன் வந்தவர், கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து விலகியவர். அப்போ அன்னாதானே லெஸ்ஸிங்? அவசரப்படாதீர்கள். மஞ்சள் நோட்டில் அன்னா தன் சாயலில் எல்லா என்றொருத்தியைப் படைக்கிறாள் (பெயரே எல்லாதான், தமிழில் சொல்லும்போது நமக்குத்தான் குழப்பம்). அன்னாவின் காதலன் மைக்கேல் அங்கே பால் ஆகிவிடுகிறான். அந்த எல்லாவும் சும்மா இருப்பதில்லை, தற்கொலை செய்துகொள்ளும் ஓர் இளைஞனைப் பற்றி நாவல் எழுதுகிறாள்.

சரி, கதையை விடுங்கள், நாட்குறிப்பாவது நிஜமாக இருக்குமே என்று நீல நோட்டைத் திறந்தால் அங்கே வேறு சிக்கல். 1954 செப்டம்பரில் ஒருநாள், நடப்பதை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதிவிடுவது என்று அன்னா முடிவு செய்கிறாள். பார்த்தால் அன்றுதான் மாதவிடாய். அதை எழுதினால் அந்த நாளே அதைப் பற்றியதாகிவிடும், எழுதாவிட்டால் பொய். காதலன், குழந்தை, சமையல், கட்சி அலுவலகம் என்று பக்கம் பக்கமாக எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, சாதாரண நாள், கட்சியை விட்டு விலக முடிவு செய்தேன் என்று சுருக்கமாக எழுதி வைக்கிறாள். இரண்டில் எது அன்றைய நாள்? நாவலின் உச்சம் இதுதான் என்பேன். இதைக் கவனிக்காமல் வெறும் ஆண்-பெண் சண்டை என்று பலர் படித்துவிட்டார்கள். 1971இல் இந்த நாவலுக்கு எழுதிய முன்னுரையில் லெஸ்ஸிங் அதைச் சொல்லி நொந்துகொள்கிறார்.

இந்த நோட்டுகளுக்கு நடுவே 'சுதந்திரப் பெண்கள்' என்று இன்னொரு கதை துண்டு துண்டாக ஓடுகிறது. அதை ஆசிரியர் சொல்லும் நிஜம் என்று நம்பித்தான் நாம் படிப்போம். அதில் அன்னாவின் தோழி மோலியின் மகன் டாமி தன்னைச் சுட்டுக்கொண்டு பார்வை இழக்கிறான். நோட்டுகளிலோ அவனுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முதல் தடவை படித்தபோது ஆசிரியர் தவறு செய்துவிட்டார் என்றே நினைத்தேன், பென்சிலால் குறித்தும் வைத்தேன். கடைசியில் பொன்னிற நோட்டு வருகிறது. அதில் சால் கிரீன் என்ற அமெரிக்கன், எழுத முடியாமல் கிடக்கும் அன்னாவுக்கு ஒரு வாக்கியம் கொடுத்து, இதில் தொடங்கு என்கிறான்: இரண்டு பெண்கள் லண்டன் ஃப்ளாட்டில் தனியாக இருந்தார்கள்.

முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், 'சுதந்திரப் பெண்கள்' அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது.