எத்ரூஸ்கர், ரோமர் நம்பிக்கைகளும் இத்தாலிய நாட்டார் மாந்திரீகமும்

அவைத் தலைவர் அவர்களே, ஆன்றோர் பெருமக்களே, வணக்கம்.

ஒரு மதம் அரசாணையால் முற்றிலும் அழிந்துவிடுமா என்ற கேள்வியை இத்தாலியை முன்வைத்து ஆராயலாம். ரோமுக்கு வடக்கே, இன்றைய டஸ்கனியிலும் அதை அடுத்த பகுதிகளிலும் வாழ்ந்த எத்ரூஸ்கர், பலியாட்டின் ஈரலையும் மின்னல் தோன்றும் திசையையும் பார்த்துக் குறி சொல்வதில் பேர்போனவர்கள். 1877இல் பியாசென்சா அருகே ஒரு வயலில் கிடைத்த வெண்கல ஈரல், கையில் ஏந்திப் பார்க்கும் அளவே உடையது. அதன் விளிம்பு 16 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் தெய்வப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. வானத்தையும் அவர்கள் அவ்வாறே 16 பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள்.

இக்கலையை ரோமர் தமதாக்கிக்கொண்டார்கள். கிறித்தவத்தை ஆதரித்த ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்கூட, அரண்மனையிலோ பொதுக் கட்டடத்திலோ இடி விழுந்தால் ஈரற்குறி பார்ப்போரைக் கலந்துகொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். 408இல் கோத்தியர் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது, எத்ரூஸ்கக் குறிகாரர்கள் இடிமின்னலை வரவழைத்துப் பகைவரை விரட்டுவதாக முன்வந்தார்கள் என்றும், மறைவில் செய்வதானால் செய்யுங்கள் எனப் போப் இன்னசென்ட் இசைந்தார் என்றும் வரலாற்றாசிரியர் சோசிமஸ் எழுதுகிறார். அவர் பழைய சமயத்தின் பக்கம் நின்றவர் என்பதால், போப்பைப் பற்றிய செய்தியைச் சற்று எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும்.

அதன்பின் என்ன ஆயிற்று? ஃபிளாரன்சில் குடியேறிய அமெரிக்கர் சார்லஸ் காட்ஃப்ரே லீலண்ட், டஸ்கனி மலையூர்களில் எத்ரூஸ்கத் தெய்வங்கள் பேய்களாகவும் ஆவிகளாகவும் உயிர்வாழ்கின்றன என்று 1892இல் நூல் வெளியிட்டார். இடித் தெய்வமான தினியாவும், மதுவுக்குரிய ஃபுஃப்லுன்சும் சிறிது திரிந்த பெயர்களோடு அதில் வருகிறார்கள். ஆனால் அவருடைய செய்திகளில் பெரும்பங்கு மாதலேனா என்று அவர் குறிப்பிடும் குறிசொல்லும் பெண் திரட்டித் தந்தவை. இன்ன பெயர் வேண்டும் என்று தேடிவரும் செல்வருக்கு அப்பெயர் கிடைத்துவிடுவது வியப்பன்று. இடைப்பட்ட நூற்றாண்டுகளுக்குச் சான்று இல்லாத வரையில், பெயர் ஒலிப்பொற்றுமையை மட்டும் நம்பி ஒரு தெய்வத்தை உயிர்ப்பிக்க முடியாது.

பழைய எத்ரூஸ்க நகரான பெருஜியாவில் ஜூசெப்பே பெல்லூச்சி என்ற ஆய்வாளர் திரட்டிய தாயத்துகளுள் பழங்காலக் கல் அம்புமுனைகள் இருக்கின்றன. அவற்றை மின்னலின் முனை என நம்பிய உழவர்கள், இடி அண்டாதிருக்க அவற்றை வைத்திருந்தார்கள். எத்ரூஸ்க நகரில் மின்னற் கல் என்றதும் முடிவு கட்டத் தோன்றும். ஆயினும் அதே நம்பிக்கை வட ஐரோப்பாவிலும் இருப்பதால் அதை எத்ரூஸ்கருக்கு மட்டும் உரியதாக்க இயலாது.

உறுதியான சான்று சைகைகளிலும் அணிகளிலும்தான் கிடைக்கிறது. இறந்தோர் ஆவிகளை வீட்டிலிருந்து அகற்ற ரோமர் மே மாதத்தில் நோற்ற லெமூரியா நோன்பை ரோமக் கவிஞர் ஓவிட் விவரிக்கிறார்: நள்ளிரவில் வீட்டுத் தலைவன் வெறுங்காலோடு எழுந்து, மடக்கிய விரல்களுக்கிடையே கட்டைவிரலை நுழைத்துக் காட்டி, கைகழுவி, கறுப்பு அவரைகளைத் திரும்பிப் பாராமல் எறிந்து, இவற்றால் என்னையும் என்னவரையும் மீட்கிறேன் என்று ஒன்பது முறை சொல்கிறான். அந்தக் கைச்சைகை பின்னாளில் கண்ணேற்றுக்கு எதிரான தாயத்தாக இத்தாலியில் பரவியது.

பவளத்துக்கு இன்னும் தெளிவான தொடர்ச்சி உண்டு. குழந்தைகளுக்குப் பவளக் கிளையைக் கட்டினால் காப்பாகும் என்ற நம்பிக்கையை ரோம எழுத்தாளர் மூத்த பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் குறித்துள்ளார். இந்தியக் குறிகாரர்களும் பவளத்தைப் போற்றுவதாக அவர் சொல்வதை இங்கே நாம் கவனிக்கலாம். 15ஆம் நூற்றாண்டில் பியரோ தெல்லா பிரான்செஸ்கா தீட்டிய செனிகாலியா மாதா ஓவியத்தில், குழந்தை இயேசுவின் கழுத்திலேயே செம்பவளம் தொங்குகிறது. திருச்சபை அதை விலக்கவில்லை. தன் ஓவியத்துக்குள்ளேயே இடம் கொடுத்தது. நேப்பிள்சில் இன்றும் கண்ணேறு கழிக்க விற்கப்படும் சிவப்புக் கொம்புகளுள் விலை உயர்ந்தவை பவளத்தில் செதுக்கப்பட்டவையே.