எல்லாப் பாகத்தையும் மாற்றிய பந்தய கார் ஒரிஜினலா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. திருச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஹாகோசுகா ஜிடி-ஆர் பற்றி நீங்கள் பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடினேன். கண்ணில் படுவதில் நிறைய ரெப்ளிகா என்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா? அப்புறம், கம்பெனியே தன் பழைய பந்தய காரை எடுத்து, பாகம் பாகமாக மாற்றிப் புதுப்பித்தால், அது மட்டும் எப்படி ஒரிஜினல்?"

உண்மையில் இது இரண்டு கேள்வி. முதலாவதை முதலில் பார்ப்போம்.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு ஹாகோசுகா தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: 'ஹாகோ' என்றால் பெட்டி, 'சுகா' ஸ்கைலைனின் சுருக்கம். 1969-ல் நிசான் இறக்கிய ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கு ஜப்பான்காரர்கள் வைத்த செல்லப்பெயர் அது. உள்ளே எஸ்20 என்ஜின். 1989 சிசி, ஆறு சிலிண்டர், 24 வால்வு, 160 குதிரைத்திறன். ஆர்380 என்ற பந்தய காரின் என்ஜினிலிருந்து வந்த வாரிசு. அதே உடம்போடு சாதாரண ஸ்கைலைன் ஜிடி-யும் விற்றார்கள். அதில் எல்20 என்ற எளிமையான என்ஜின். ஜிடி-ஆர் மொத்தமே இரண்டாயிரம் சொச்சம்தான் வந்தது. அதனால் சாதாரண ஜிடி-யை வாங்கி ஜிடி-ஆர் மாதிரி மாற்றுகிற பழக்கம் அங்கே பல காலமாக இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? பின் சக்கரத்துக்கு மேலே பாடியில் ஒரு மடிப்புக் கோடு ஓடும், சர்ஃப் லைன் என்பார்கள். ஜிடி-ஆரில் அகலமான டயருக்காகச் சக்கர வளைவை மேலே வெட்டியிருப்பதால் அந்தக் கோடு நடுவில் அறுந்து நிற்கும். ரெப்ளிகா செய்கிறவர்களும் அதே இடத்தில் வெட்டிவிடுவார்கள், அதனால் அதை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. பார்க்க வேண்டியது சேசிஸ் எண். ஹார்ட்டாப், அதாவது இரண்டு கதவு ஜிடி-ஆர் என்றால் கேபிஜிசி10. சாதாரண ஜிடி என்றால் கேஜிசி10. நடுவில் ஒரே ஒரு 'பி'. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

ஜப்பான் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு வாகன நிறுத்துமிடத்தில் பழைய கார்க்காரர்கள் கூடியிருந்தார்கள். வெள்ளி நிற ஹாகோசுகா ஒன்றின் முன்னால் நான் நின்றுவிட்டேன். அறுபத்தைந்து வயது இருக்கும் ஓனருக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பானெட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே எஸ்20 இல்லை, எல்28 என்ற வேறு நிசான் என்ஜின், அதைப் பெரிதாக்கி 3.1 லிட்டர் ஆக்கியிருந்தார். "ஜிடி-ஆர் ஷியோ" என்றார். ஷியோ என்றால், அந்த மாதிரி அமைத்தது என்று அர்த்தம். அப்புறம் கதவைத் திறந்து காட்டினார். கீல் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய பழுப்பு நிறம் அப்படியே இருந்தது. மீதிக் கார் முழுக்கக் கண்ணாடி மாதிரி பெயிண்ட், அந்த இடம் மட்டும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். கார் பிறந்த நிறம் அது, அழிக்க மனசு வரவில்லை என்றார்.

தம்பி, அந்தக் கார் ஏமாற்று வேலையா? நான் பார்த்ததிலேயே நேர்மையான கார்களில் அது ஒன்று. இன்னொரு இடத்தில், ஊரும் ஆளும் வேண்டாம், ஒரு காரின் சேசிஸ் தகடு ஒட்டியிருந்த உலோகத்தைச் சுற்றி வெல்டிங் தையல் தெரிந்தது. வேறு காரிலிருந்து வெட்டி எடுத்து இதில் ஒட்டியிருக்கிறார்கள். விற்பவர் அதை ஜிடி-ஆர் என்றார். அந்தப் 'பி' எழுத்தில்தான் பொய் தொடங்குகிறது. காரைப் போல இன்னொரு கார் செய்வதில் பொய் எதுவும் இல்லை. எத்தனை வீடியோவில் வேண்டுமானாலும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சரி, இரண்டாவது கேள்வி. கம்பெனிப் பந்தய கார் என்றாலே, பிறந்ததிலிருந்து எதையும் மாற்றாமல் இருந்தது என்று நினைக்கிறோம். அதன் பூர்வீகத்தைப் பாருங்கள். 1964-ல் சுசுகாவில் ஜப்பான் கிராண்ட் பிரீ. ஸ்கைலைனை முதலில் செய்த, பின்னால் நிசானோடு இணைந்த பிரின்ஸ் கம்பெனி பந்தயத்துக்காக என்ன செய்தது? நாலு சிலிண்டர் ஸ்கைலைனின் மூக்கை வெட்டி, 20 சென்டிமீட்டர் நீட்டி, குளோரியா காரின் ஆறு சிலிண்டர் என்ஜினை உள்ளே திணித்தது. அந்தக் காரில் இகுசாவா டெட்சு ஒரு சுற்று போர்ஷே 904-ஐ முந்தி ஓடினார். ஜெயித்தது போர்ஷேதான், ஆனாலும் ஜப்பானில் இன்றைக்கும் பேசுவது அந்த ஒரு சுற்றைத்தான். அப்புறம் வந்த ஆர்380-க்கு, பிராபம் பிடி8 என்ற பிரிட்டிஷ் பந்தய காரின் சேசிஸை வாங்கி அதிலிருந்து பாடம் படித்தார்கள். 1966-ல் ஃபுஜியில் போர்ஷே 906-ஐத் தோற்கடித்த கார் அது. ஜிடி-ஆர் பரம்பரையின் வேரே வெட்டி ஒட்டியதில்தான் இருக்கிறது.

பந்தய காரின் பிழைப்பே அப்படித்தான். ஒரு பந்தயம் முடிந்தால் என்ஜினைக் கழற்றுவார்கள், பிரேக்கை மாற்றுவார்கள், இடிபட்ட ஃபெண்டரைத் தூக்கிப் போடுவார்கள். அதனால் "எத்தனை பாகம் பழையது" என்று எண்ணிக்கொண்டிருந்தால் பதில் கிடைக்காது.

நிசானின் பழைய கார்கள் கனகாவா மாகாணத்தில், ஸாமா என்ற ஊரில் ஒரு பெரிய கூடத்தில் இருக்கின்றன. அங்கே கென்மேரி ஜிடி-ஆர் ஒன்று, 73 என்ற எண்ணோடு. ஹாகோசுகாவுக்கு அடுத்து வந்த ஸ்கைலைனின் செல்லப்பெயர் கென்மேரி. 1972 டோக்கியோ மோட்டார் ஷோவுக்காகப் பந்தய உடையில் செய்தது. நூற்றுக்கு நூறு கம்பெனி கார், ஆனால் ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. கென்மேரி ஜிடி-ஆர் மொத்தம் 197 கார்தான் வந்தது, பந்தயத்துக்கே போகாமல் முடிந்துபோனது. இப்போது சொல்லுங்கள், ஓடித் தேய்ந்து பாதி மாறிய கார் உண்மையான பந்தய காரா, ஓடாமல் முழுசாக இருக்கிற இது உண்மையான பந்தய காரா?

தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. காரை அதன் வாழ்க்கையில் எந்த நாளுக்குத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்? அதைக் கேளுங்கள்.

1971 கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை ஜெயித்த டாட்சன் 240இசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு உடம்பு, கறுப்பு பானெட், 11-ஆம் எண். 2013-ல் நிசான் ஊழியர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து அதைப் புதுப்பித்து ஓட வைத்தார்கள். அந்தக் காருக்குக் குறைந்தது மூன்று நாள் உண்டு. ஆலையிலிருந்து வெளியே வந்த நாள். கிளம்பும் மேடையில் பளபளவென்று நின்ற நாள். சேறும் கல்லடியுமாக முடிவுக் கோட்டுக்கு வந்த நாள். ஒன்றைக் கொண்டுவர மற்றதை அழித்தாக வேண்டும். கோயில் திருப்பணியில் மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டு எழுத்து தேய்ந்துபோன கதை நமக்குத் தெரியும். கார் பாடிக்கும் அதே மணல் வீச்சைத்தான் அடிக்கிறார்கள். துருவோடு சேர்த்துக் கல்லடியும் போய்விடும். கல்லடி போனால் சஃபாரி போய்விட்டது.

சஃபாரி என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. 1973-ல் இன்னொரு 240இசட்டில் ஜெயித்தவர் ஷேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். அவரும் இன்னொரு டாட்சனில் வந்த ஹாரி ஷெல்ஸ்ட்ரோமும் சரிசமமான புள்ளியில் முடித்தார்கள். தண்டப் புள்ளி வாங்காமல் அதிக தூரம் போனவர் என்ற கணக்கில் மேத்தாவுக்கு வெற்றி. பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நாலு தடவை ஜெயித்தார். அவருக்குத் தனி வீடியோ போட வேண்டும்.

எனக்குப் பிடித்த உதாரணம் மஸ்தா 787பி. 1991, பிரான்ஸின் 'ல மான்' 24 மணி நேரப் பந்தயம். 362 சுற்று. மஸ்தா அனுப்பிய மூன்று கார்களில் ஜெயித்தது 55-ஆம் எண், ஆரஞ்சு பச்சை. அதில் இருந்தது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி என்ஜின்; அது ஜெயித்ததால்தான் அதைத் தடை செய்தார்கள் என்று இன்னும் பின்னூட்டத்தில் எழுதுகிறீர்கள். 3.5 லிட்டர் பிஸ்டன் என்ஜின்தான் வேண்டும் என்ற விதி அந்த வெற்றிக்கு முன்பே முடிவானது, இதை முன்பே விளக்கியிருக்கிறேன். பந்தயம் முடிந்து அந்த என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். அதோடு கார் ஓய்வுக்குப் போனது. இருபது வருஷம் கழித்து, 2011-ல், அதை மறுபடி ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து ல மானுக்கே எடுத்துப்போனார்கள். அவ்வளவு காலம் நின்ற காரில் சீலும் ரப்பர் குழாயும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே முடியாது. மாற்றியதால் அது வேறு கார் ஆகிவிட்டதா?

1991-ல் கடைசியில் ஓட்டி முடித்தவர் ஜானி ஹெர்பர்ட். இறங்கியதும் உடம்பில் நீர் வற்றி மயங்கி விழுந்தார், வெற்றி மேடையில் ஏற முடியவில்லை. கூட ஓட்டிய வைட்லரும் கஷோவும்தான் நின்றார்கள். 2011-ல் அதே காரை அதே தடத்தில் ஓட்ட அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஓட்டி முடித்து, இருபது வருஷம் தாமதமாக, அந்த மேடையில் ஏறினார்.

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம்.