புருசிலோவ்: குதிரைப் பள்ளி ஆசிரியர் உடைத்த போர்முனை

[திரையில்: மொகிலேவ், ஏப்ரல் 1916]

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. ரஷ்யப் படைத் தலைமையகம். ஜார் இரண்டாம் நிக்கோலஸ் முன்னிலையில் மூன்று போர்முனைத் தளபதிகள் அமர்ந்திருக்கிறார்கள். வடக்கே குரோபட்கின், நடுவே எவெர்ட். கனரகக் குண்டுகள் போதாது, இப்போது தாக்கிப் பயனில்லை என்று இருவரும் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாமவர் தென்மேற்குப் போர்முனைப் பொறுப்பை ஏற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. கூடுதல் படை தராவிட்டாலும் பரவாயில்லை, தாக்க அனுமதி கொடுங்கள் என்றார். அவர்தான் அலெக்சேய் புருசிலோவ்.

[திரையில்: இளம் குதிரைப்படை அதிகாரியின் படம்]

1853இல் ஜார்ஜியாவின் திபிலிசியில் பிறந்தவர். தந்தையும் ஜெனரல்தான், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1877-78 துருக்கிப் போரில் காகசஸ் முனையில் சண்டையிட்டார். அதற்குப் பிறகு, சுமார் கால் நூற்றாண்டு அவர் பணியாற்றியது பீட்டர்ஸ்பர்க் குதிரைப்படை அதிகாரிகள் பள்ளியில். ராணுவத்தின் பெரிய பதவிகளுக்கு வாசல் என்று கருதப்பட்ட பொதுப் பணியாளர் (ஜெனரல் ஸ்டாஃப்) கல்விக்கழகத்தில் அவர் கால் வைத்ததே இல்லை. படித்த ஜெனரல்கள் அவரைச் சற்று ஏளனமாகப் பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நமக்குச் சுவையான ஒரு செய்தி: அவருடைய இரண்டாவது மனைவி நதேஷ்தா, சென்னை அடையாற்றில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் தங்கை மகள்.

[திரையில்: வரைபடம். இரு பக்கப் பதுங்குகுழிகள், நடுவே முள்கம்பி வேலி]

அன்றைய தாக்குதல் முறை இதுதான். குறுகலான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, நாள்கணக்கில் பீரங்கியால் அடித்துவிட்டு, ஆட்களை அலை அலையாக அனுப்புவது. எதிரி என்ன செய்வான்? குண்டு விழும் இடத்தைப் பார்த்ததுமே தன் சேமப்படையை, அதாவது தேவைக்கென ஒதுக்கிவைத்த படையை, அங்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவான். அந்த மார்ச் மாதம்தான் நாரொச் ஏரிக்கரையில் ரஷ்யர்கள் இப்படித் தாக்கிப் பேரிழப்போடு திரும்பியிருந்தார்கள்.

புருசிலோவ் தன் நான்கு படைத் தளபதிகளிடமும் ஆளுக்கோர் இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தயாராகச் சொன்னார். முனை நெடுகிலும் மண் வெட்டும் வேலை தொடங்கியது. எதிரே இருந்த ஆஸ்திரியர்கள் அதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். ஆனால் எங்கு பார்த்தாலும் தோண்டினால் எது உண்மையான இடம்?

தயாரிப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இரவோடு இரவாகக் குழிகளை முன்னே நீட்டி, பல இடங்களில் எதிரியிடமிருந்து சுமார் நூறு மீட்டர் வரை கொண்டுபோனார்கள். பின்னால் வரவேண்டிய வீரர்கள் ஒதுங்க ஆழமான நிலவறைகள் எழுந்தன. விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து எதிரியின் அரண்களை வரைபடமாக்கினார்கள். அதே அரண்களை மாதிரியாகக் கட்டி, அவற்றின் மீது ஏறி இறங்கிப் பழகினார்கள். எந்தப் பீரங்கி எந்த இலக்கை அடிக்க வேண்டும் என்பதுகூட முன்னமே முடிவாகியிருந்தது. குறைவான குண்டுகளை வீணாக்காமல் அடிக்க வேறு வழியும் இல்லை.

தாக்குதலுக்கு முந்தைய இரவு தலைமையகத்தில் ஜாருக்கு அடுத்த பொறுப்பிலிருந்த அலெக்சேயெவ் தொடர்புகொண்டு, தள்ளிப்போடச் சொன்னார். ஒரே இடத்தில் தாக்கலாமே என்றார். அப்படியானால் என்னைப் பதவியிலிருந்து விடுவியுங்கள் என்றார் புருசிலோவ். மன்னர் உறங்குகிறார், எழுப்ப முடியாது என்று பதில் வந்தது. மன்னரின் உறக்கம் தன் கவலையில்லை என்று சொல்லிவிட்டதாகப் புருசிலோவ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

[திரையில்: 4 ஜூன் 1916. மேற்கு நோக்கி நீளும் அம்புகள்]

சில நாட்களிலேயே லூட்ஸ்க் நகரம் விழுந்தது. ஆஸ்திரியர்கள் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்தார்கள். இலையுதிர் காலத்துக்குள் கைதிகளின் எண்ணிக்கை மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. இத்தாலியில் நடத்திவந்த தாக்குதலை ஆஸ்திரியா கைவிட வேண்டியதாயிற்று. ஜெர்மனியும் மேற்கிலிருந்து படைகளைக் கிழக்கே திருப்பியது.

ஆனால் ஏப்ரல் கூட்டத்தில் தயங்கினாலும், முக்கியத் தாக்குதலை நடத்தும் பொறுப்பை ஏற்றிருந்த எவெர்ட், மழை என்றும் ஆயத்தம் போதவில்லை என்றும் நாட்களைக் கடத்தினார். ஒருவழியாக ஜூலையில் பரனோவிச்சியில் தாக்கித் தோற்றார். ஜெர்மானியர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. பழியை முழுவதும் எவெர்ட் தலையில் கட்டுவது நியாயமல்ல என்பது என் கருத்து. எங்கும் பரவித் தாக்கும் திட்டத்தில், உடைந்த இடத்தில் உள்ளே பாயத் தேவையான சேமப்படை கையில் இருக்காது. பின்னர் கோவெல் நகருக்காக ஸ்டோகோட் ஆற்றுச் சதுப்பில் பழைய பாணியிலேயே மோதி, ஜாரின் சிறப்புப் படையான ஏகாதிபத்தியக் காவல் படையில் பெரும்பகுதியை இழந்ததில் புருசிலோவுக்கும் பங்குண்டு. ரஷ்ய இழப்பு ஐந்து லட்சத்துக்கும் குறையாது என்பதே பொதுவான கணிப்பு.

ஜார் அவருக்கு வைரம் பதித்த வாள் ஒன்றைப் பரிசளித்தார். அடுத்த மார்ச்சில், ஜார் முடி துறக்க வேண்டும் என்று தந்தியடித்த தளபதிகளில் புருசிலோவும் ஒருவர்.

[திரையில்: 1917 – 1926]

ஜார் முடி துறந்தபின் அமைந்த இடைக்கால அரசு அவரைத் தலைமைத் தளபதியாக்கியது. கோடைத் தாக்குதல் தோற்றதும், இரண்டு மாதத்துக்குள் அந்த இடத்தில் கோர்னிலோவ் அமர்த்தப்பட்டார். நவம்பரில் லெனினின் போல்ஷெவிக் கட்சி ஆட்சியைப் பிடித்தபோது நடந்த மாஸ்கோ தெருச் சண்டையில் வீட்டிலிருந்தவரின் காலைக் குண்டுச் சிதறல் பதம் பார்த்தது. 1918இல் போல்ஷெவிக்குகள் அவரைக் கைது செய்து சிறிது காலம் அடைத்துவைத்தார்கள். ஆனாலும் 1920இல் போலந்துப் படை கீவ் வரை வந்தபோது, முன்னாள் அதிகாரிகள் எல்லாரும் போல்ஷெவிக்குகளின் செஞ்சேனையில் சேர வேண்டும் என்ற அறிக்கையில் அவர் கையெழுத்திட்டார். நாட்டைவிட்டு ஓடிய அதிகாரிகள் அவரைத் துரோகி என்றார்கள். ஆட்சி யார் கையில் இருந்தாலும் மண் ரஷ்யாவினுடையதுதானே என்பது அவர் கணக்கு.

செஞ்சேனையிலும் குதிரைப்படை ஆய்வாளராகவே பணியாற்றி, 1924இல் ஓய்வுபெற்றார். மறு ஆண்டு சிகிச்சைக்காகச் செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரி நகருக்குச் சென்றபோது, நினைவுக் குறிப்புகளின் இரண்டாம் பகுதியைச் சொல்லி எழுதவைத்தார். போல்ஷெவிக்குகளைக் கடுமையாகச் சாடிய பகுதி அது. 1926 மார்ச்சில் மாஸ்கோவில் அவர் இறந்தபோது, அதைப் பற்றி அறியாத சோவியத் அரசு முழு ராணுவ மரியாதையோடு அவரை நோவோதேவிச்சி மடத்தில் அடக்கம் செய்தது.