ஐந்தே முக்கால்

வணக்கம். வெளிச்சம் முகத்தில் சரியாக விழுகிறதா என்று தெரியவில்லை. விழாவிட்டாலும் போகட்டும். இரவுப் பணி முடிந்து வந்து, குளித்து, ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்தேன், கண் மூடவில்லை. எழுந்து கேமராவை வைத்துவிட்டேன். இந்த வாரம் இரவுப் பணிக்காரர்கள் எப்படித் தூங்குவது என்று பேசுவதாகச் சொல்லியிருந்தேன். என் கண்களைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், அதற்கு இன்று எனக்குத் தகுதி இல்லை.

இன்று ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுகிறேன். இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பெயர், ஊர், மருத்துவமனை எதையும் சொல்ல மாட்டேன். நோயாளி போய்விட்டாலும் அவருடைய ரகசியம் எங்களிடம் இருக்கிறது, அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. நான் அவரை 'ஐயா' என்று கூப்பிட்டேன். இங்கேயும் ஐயாதான்.

ஐயா நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. அந்த வலி படுத்திருக்கும்போது ஒரு மாதிரி இருக்கும், புரட்டினால் வேறு மாதிரி இருக்கும். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டித்தான் ஆக வேண்டும். அந்தக் காரியத்தைச் செய்கிற கை என் கை.

எங்கள் வேலையில் ஒரு கேள்வி உண்டு. "பூச்சியம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் இதற்கு மேல் ஒரு வலியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இப்போது எவ்வளவு?" ஒரு ஷிப்டில் இதை எத்தனை தடவை கேட்கிறோம் என்று எண்ணியதில்லை. கொஞ்ச நாளில் டிக்கெட் கேட்கிற நடத்துநர் குரல் நமக்கே வந்துவிடும்.

ஐயாவிடம் முதல் முறை கேட்டபோது உடனே பதில் வரவில்லை. கண்ணை மூடினார். கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் மேல் மெல்ல நகர்த்தினார், அளவு நாடாவை இழுத்து ஓரிடத்தில் நிறுத்துவது போல. பிறகு சொன்னார்: "ஐந்தே முக்கால், சிஸ்டர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முழு எண்ணாகச் சொல்லுங்கள் ஐயா. இந்தக் கட்டத்தில் முக்காலுக்கு இடமில்லை."

"தாளில் இடமில்லை என்றால் நிலம் சுருங்கிவிடுமா?"

ஆறு என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகும் அப்படித்தான். ஆறே கால். ஏழரை. ஒரு நாள் 'ஆறே அரைக்கால்' என்றார். காலில் பாதி அரைக்கால் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. எரிச்சலாகவும் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். வார்டில் வேறு மணிகள் அடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் அரைக்காலைத் தேடிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வராது?

அடுத்த வாரம் எனக்கு மதிய ஷிப்ட். மதியங்களில் அவருடைய மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வலி எவ்வளவு என்றால் ஐயா சட்டென்று "நான்கு" என்றார். மறுநாளும் நான்கு. அதற்கடுத்த நாளும் நான்கு. ஒருவழியாக மனிதர் முழு எண்ணுக்கு வந்துவிட்டார் என்று எனக்கு நிம்மதி. இந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் தூக்கம் போகிறது.

நேரத்துக்குக் கொடுக்கும் மார்பின் என்ற வலி மருந்து தவிர, இடையில் வலி திமிறினால் கொடுக்க ஒரு கூடுதல் டோஸும் மருத்துவர் எழுதி வைத்திருப்பார். பெரும்பாலும் ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. நாளுக்கு 60 மில்லிகிராம் என்றால் 10. வாய்வழியாகக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் பிடிக்கும். நான்கு என்று சொல்கிறவருக்கு அதைக் கொடுக்கத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

மறுபடி இரவுப் பணி வந்தது. விடியற்காலை மூன்று மணி இருக்கும், புரட்டிப் படுக்க வைத்துவிட்டுக் கேட்டேன். கண்ணை மூடி, விரலை நகர்த்தி, "எட்டே கால்" என்றார்.

"போன வாரம் மதியத்தில் எல்லாம் நான்கு என்றீர்களே ஐயா?"

"மகள் இருந்தாளே."

"அப்படியானால் அந்த நான்கு?"

"பத்திரத்தில் ஒரு அளவு இருக்கும் சிஸ்டர், நிலத்தில் ஒரு அளவு இருக்கும். நீங்கள் அளந்து பார்த்ததில்லையா?"

கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். இரவில் ஏழும் எட்டும், மதியத்தில் வரிசையாக நான்கு. என் கையெழுத்துதான். இரவில் வலி கூடித் தெரியும் என்பது படித்த பாடம், அதனால் அந்த வரிசை என் கண்ணை உறுத்தவே இல்லை.

1968-ல் மார்கோ மெக்காஃபெரி என்கிற செவிலியர் ஒன்று சொன்னார்: அனுபவிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுதான் வலி. எங்களுக்குப் பாடத்தில் உண்டு, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். யார் பக்கத்தில் இருக்கும்போது கேட்கிறோம் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. 1967-ல் லண்டனில், கடைசிக் கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதற்கும் பிறகே மருத்துவர். வலி என்பது உடம்போடு நிற்பதில்லை, மனத்தையும் குடும்பத்தையும் சேர்த்துத்தான் 'முழு வலி' என்றார். ஐயாவின் எட்டே காலில் மகளின் பங்கு எத்தனை வீசம் என்று அவரே அளந்திருக்க முடியாது.

மறுநாளே மருத்துவரிடம் சொன்னேன். அளவு மாற்றி எழுதினார், புரட்டுவதற்கு அரை மணி முன்னால் கூடுதல் டோஸ் என்றும் ஏற்பாடானது. மதியங்களில் மகளிடம், "கொஞ்சம் முகம் கழுவிக்கொண்டு வாருங்கள் அம்மா" என்று அனுப்பிவிட்டுக் கேட்க ஆரம்பித்தோம். பின்னங்கள் திரும்பி வந்தன.

மகள் ஒரு நாள் நடைபாதையில் என்னை நிறுத்தினார். மார்பின் அப்பாவைச் சீக்கிரம் கொண்டுபோய்விடுமா என்று கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். வலியைப் பார்த்து அளவாகக் கூட்டிக்கொண்டு போனால் அப்படி ஆவதில்லை. முதல் சில நாள் மயக்கமாக இருக்கும், அது தெளியும். மலச்சிக்கல்தான் விடாது, அதற்கு முதல் நாளிலிருந்தே மருந்து உண்டு. சொன்னேன். தலையாட்டிவிட்டு, போகாமல் நின்றார்.

"என்னை எதற்கு முகம் கழுவ அனுப்புகிறீர்கள் என்று தெரியும் சிஸ்டர். நான்கு என்று சொல்லும்போது போர்வைக்கு அடியில் அவர் கால்விரல்கள் மடங்கியிருக்கும். தெரியாதது போலவே இருந்துவிட்டேன். நான் கண்டுகொண்டேன் என்று தெரிந்தால் அதற்கும் வருத்தப்படுவார்."

கால்விரல்கள். பல வருடம் பணி செய்த நான் முகத்தைப் பார்த்தேன், நாடியைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன். போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை.

கடைசி இரண்டு நாள் ஐயா பேசவில்லை. பேச முடியாதவரால் எண் சொல்ல முடியாது. நெற்றிச் சுருக்கம், தாடை, கை இறுக்கம் இவற்றைப் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டும். நான் கால்விரல்களையும் பார்த்தேன். மூச்சு ஏறி, இறங்கி, நின்று, மறுபடி ஏறியது. செய்ன், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு மருத்துவர்களின் பெயரில் அதை அழைக்கிறோம். மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் மகள் என்னைப் பார்த்தார். பேசிக்கொண்டே இருங்கள், காது கேட்கலாம் என்றேன். சும்மா ஆறுதலுக்காகச் சொன்னதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மரணத்தின் விளிம்பில் நினைவிழந்து இருந்தவர்களில் சிலருடைய மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டியது பதிவாகியிருந்தது. மகள் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

விடிவதற்கு முன் போனார். நான் வேறு கட்டிலில் இருந்தேன்.

பிறகு செய்ய வேண்டியதை நானும் இன்னொரு செவிலியரும் செய்தோம். மருந்து செலுத்திக்கொண்டிருந்த சிரிஞ்ச் பம்ப்பைக் கழற்றினோம், கண்ணிமைகளை மூடினோம், உடம்பு விறைப்பதற்குள் கழுவித் துடைத்தோம். "ஐயா, இந்தப் பக்கம் திருப்புகிறேன்" என்று சொல்லித்தான் திருப்பினேன். செவிலியர் பலருக்கும் உள்ள பழக்கம் இது. பாதத்தைத் துடைக்கும்போது பார்த்தேன். விரல்கள் விரிந்து தளர்ந்திருந்தன.

கேஸ் ஷீட்டை மூடுவதற்கு முன் முதல் பக்கத்துக்குப் போனேன். ஆறு என்று நான் எழுதிய கட்டத்துக்குப் பக்கத்திலேயே விரல் அகலத்துக்கு ஓரம் வெறுமையாக இருந்தது. ஐந்தே முக்கால் என்று தாராளமாக எழுதியிருக்கலாம்.