அரை கிலோவுக்கு வந்த வாழ்வு

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கடுப்பும் இருக்கிறது, நிறைய சந்தோஷமும் இருக்கிறது. கடுப்பை முதலில் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் நடுநடுவே அது தலையை நீட்டிக்கொண்டே இருக்கும்.

டம்பெல் ராக். நான் போகும் ஜிம்மில் 2.5 கிலோ இருக்கிறது. அடுத்தது 5. அடுத்தது 7.5. அப்படியே 50 வரைக்கும் போகிறது. அந்த 50 கிலோ ஜோடியை யாராவது தொட்டு நான் பார்த்ததே இல்லை, தூசி படிந்து கிடக்கிறது. ஆனால் 3 கிலோ கேட்டால் கிடையாது. 4 கேட்டால் அதுவும் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிலோ தூக்குகிறவர் 42.5-க்குப் போனால் கூடுவது ஆறு சதவீதம் சொச்சம். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் லேட்டரல் ரெய்ஸில் நான் 2.5-லிருந்து 5-க்குப் போனால் நூறு சதவீதம். நூறு! அறுவை சிகிச்சையில் தைத்து ஒட்டவைத்த என் தோளிடம் போய் "நாளையிலிருந்து உனக்கு ரெட்டை வேலை" என்று சொன்னால் அது கேட்குமா?

அங்கே இருக்கும் ட்ரெய்னர் தம்பியிடம் சொன்னேன். "ரெப்பைக் கூட்டுங்க மேடம்" என்றார், அதாவது தூக்கும் தடவையை. தப்பான பதில் இல்லை. 8 ரெப் வந்தால் 12, பிறகு 15 என்று கூட்டி, அப்புறம் எடையை ஏற்றுவது நல்ல முறைதான். ஆனால் அது ஓரளவுக்குத்தான். அப்போது 2.5 கிலோவை 20 தடவை சிரிக்கச் சிரிக்கத் தூக்கினேன். 5 கிலோவைக் கையில் எடுத்தால் முதல் ரெப்பிலேயே தோள் காதை நோக்கி ஏறியது. அதாவது வேலையைத் தோள் செய்யவில்லை, கழுத்தை ஒட்டிய ட்ரபீசியஸ் தசை வாங்கிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தால் நன்றாகவே தெரியும். அப்படி 50 ரெப் போட்டாலும் தோளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, அந்த நடுப் படிகளுக்காகக் காந்தம் வாங்கிய கதைக்கு வருகிறேன். டம்பெல்லின் இரண்டு தலையிலும் ஒட்டிக்கொள்ளும் கால் கிலோ காந்த வட்டுகள் விற்கிறார்கள். இந்தப் பக்கம் கால், அந்தப் பக்கம் கால், மொத்தம் அரை கிலோ கூடும். அருமையான யோசனை. ஆசை ஆசையாக வரவழைத்தேன், டப்பாவைப் பிரிக்கும்போதே கை பரபரத்தது. ஜிம்முக்குக் கொண்டுபோய் வைத்தால், அங்கே இருக்கிற அத்தனை டம்பெல்லும் ரப்பர் பூசியவை! காந்தத்துக்கு வெறும் இரும்பு வேண்டும். ரப்பர் மேல் பேருக்கு ஒட்டியது, கையை உயர்த்தியதும் மெதுவாக நழுவிக் கட்டை விரலுக்குப் பக்கத்தில் டொக்கென்று விழுந்தது. விளம்பரப் படத்தில் பளபளவென்று வெள்ளி நிற டம்பெல்லை மட்டும் காட்டுகிறார்களே, கீழே ஒரு வரி, "ரப்பர் பூச்சில் ஒட்டாது" என்று போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

இருங்கள், புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்லவில்லை. என் வலது தோளில் ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைகளின் தொகுதி), அதிலும் மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசையை எலும்போடு கட்டும் தசைநாண், கிழிந்து ஆர்த்ரோஸ்கோபி முறையில், அதாவது சின்னத் துளை வழியே கேமரா விட்டு, தைத்தார்கள். பழைய ஆட்களுக்கு அந்த ஸ்லிங் (கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் பட்டை) காலத்து வீடியோக்கள் ஞாபகம் இருக்கும், ஒரு கையால் கேமராவைப் பிடித்து எல்லாமே சாய்ந்து கிடக்கும். பொதுவாக 4 முதல் 6 வாரம் ஸ்லிங், அதன் பிறகு மெதுவாகக் கையை அதன் சொந்த பலத்தில் அசைப்பது, எடை வைத்த பயிற்சி ஏறக்குறைய 12 வாரத்துக்கு மேல். கிழிசலின் அளவைப் பொறுத்து இது மாறும், உங்கள் மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு. தசை சீக்கிரம் பலம் பிடித்துவிடும், தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது தன் வேகத்தில்தான் எலும்போடு ஒட்டும். நடு வயதில் இது இன்னும் நிதானம். "இப்போதுதான் வலியே இல்லையே" என்று தோன்றுகிற காலம்தான் இதில் ஆபத்தான காலம்.

அந்த ஸ்லிங் காலத்திலும் நான் சும்மா இருக்கவில்லை. இடது கைக்குப் பயிற்சி நடந்தது. ஒரு கையை மட்டும் பழக்கினால் சும்மா இருக்கும் கைக்கும் கொஞ்சம் பலம் போய்ச் சேருகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் என்பவர் 1894-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். பலம் தசையில் மட்டும் இல்லை, நரம்பு மண்டலத்திலும் இருக்கிறது என்பதுதான் விஷயம். முதலில் நம்பவில்லை, இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

எங்கே விட்டேன்? காந்தம். ஆமாம். எரிச்சலோடு பையைக் கட்டும்போது எங்கள் பிசியோ அம்மா சொன்னது ஞாபகம் வந்தது: மணிக்கட்டில் கட்டும் வெல்க்ரோ பட்டை! உள்ளே அரை கிலோ எடை வைத்துத் தைத்தது. பட்டையைக் கட்டிக்கொண்டு 2.5 கிலோ டம்பெல்லைப் பிடித்தால் 3 கிலோ. இரண்டு பட்டை கட்டினால் 3.5. நடுவில் காணாமல் போன படிகள் எல்லாம் வந்துவிட்டன! தலைக்கு மேல் தூக்கும் பிரஸ்ஸில் எடை நேராகக் கைக்கு மேலேயே இருப்பதால் வித்தியாசம் தெரியாது. லேட்டரல் ரெய்ஸில் மணிக்கட்டு உள்ளங்கையைவிடத் தோளுக்குப் பக்கம் என்பதால் அரை கிலோ முழு அரை கிலோவாக உறைக்காது, ஒரு துளி குறையும். எனக்கு அது வசதிதான்.

அப்படி அரை அரையாக ஏறி, இன்றைக்குக் காலையில், அதே 5 கிலோ. ஒரு முழு செட், இடையில் நிறுத்தாமல் எல்லா ரெப்பும். தோளுக்கும் காதுக்கும் நடுவே நல்ல இடைவெளி. வீடியோ எடுத்திருக்கிறேன், பின்னாடி யாரோ அடிக்கிற விசிலைக் கண்டுகொள்ளாதீர்கள். 50 கிலோ தூக்கியவன்கூட இப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

வலி வந்தால் என்ன செய்கிறீர்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: பத்துக்கு மூன்று வரைக்கும் லேசான வலி பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் அடுத்த தடவை ஒரு படி இறங்கு. குத்துகிற வலியோ, திடீரென்று கை தூக்க முடியாமல் போவதோ வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவர்.

பிடிக்காதது? அப்ரைட் ரோ. பாரை, அதாவது நீள இரும்புத் தண்டை, மோவாய் வரைக்கும் இழுக்கும் அந்தப் பயிற்சியைப் பார்த்தாலே எனக்குத் தோள் சிணுங்கும். கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ்ஸும் என் பக்கம் வரவே கூடாது. லேண்ட்மைன் பிரஸ் என்றால் உயிர். பாரின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைச் சாய்வாகத் தள்ளுவது. தோளை நேர் உச்சிக்குக் கொண்டுபோகாமலே தள்ளும் பலத்தைக் கொடுக்கிறது. எடையை உடம்பை நோக்கி இழுக்கும் மற்ற ரோ வகைகளும் பிடிக்கும், சலிக்கவே சலிக்காது.

இன்னொன்று. இந்தப் படிப்படியாக எடை கூட்டும் முறை பாடி பில்டர்களுடையது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அதை மருத்துவத்துக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் தாமஸ் டெலார்ம், அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு, அறுவை சிகிச்சை முடிந்து கிடந்த வீரர்களுக்குத்தான் செய்தார். 1945-ல் கட்டுரை வந்தது. பிறகு 1948-ல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து மூன்று செட் என்று சுருக்கினார்: பத்து ரெப் மட்டுமே முடிகிற எடையில் முதலில் பாதி, அடுத்து முக்கால், கடைசியில் முழுசு. ஆக, எங்களை மாதிரி தையல் போட்ட ஆட்கள்தான் இந்த வித்தைக்கு மூத்த வாடிக்கையாளர்கள். அப்படி இருந்தும் எங்களுக்கு ஒரு 3 கிலோ டம்பெல் வாங்கிப் போட ஜிம்முக்கு மனசு வரவில்லை!

நடைப்பயிற்சி போதாதா என்று கேட்பவர்களுக்கு: நல்லது, விடாதீர்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் செய்யச் சொல்கிறது. நடந்தால் தோள் பலப்படாது.

அடுத்த சண்டை பார்பெல்லோடு. ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டியில் பெண்களுக்கு 15 கிலோ பார், 25 மில்லிமீட்டர் தடிமன். ஆண்களுக்கு 20 கிலோ, 28 மில்லிமீட்டர். எங்கள் ஜிம்மில் 20 மட்டும்தான். வெறும் பாரைத் தலைக்கு மேல் தூக்கவே எனக்கு இன்னும் காலம் பிடிக்கும். அந்த 15 கிலோ பார் ஒன்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வந்தால் அதற்குத் தனி வீடியோ. காந்த வட்டுகள் என்னிடம் சும்மாதான் கிடக்கின்றன, இரும்பு டம்பெல் வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்.