எச்ஐவி: தொற்றுக்கு முன்னும் பின்னும் மருந்து

வணக்கம் நேயர்களே. எச்ஐவிக்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆனால் தொற்றாமல் காக்கும் மருந்துகள் இருக்கின்றன. கிருமியை எதிர்கொள்ளும் முன்பே எடுப்பது பிரெப். எதிர்கொண்ட பின் அவசரமாகத் தொடங்குவது பெப். பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆணுறை கிழிந்துவிட்டது, பிறர் பயன்படுத்திய ஊசி குத்திவிட்டது, பாலியல் வன்முறை நேர்ந்துவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் பெப் தொடங்க வேண்டும். அது கடைசி எல்லை. அதுவரை காத்திருக்கலாம் என்று பொருளல்ல. கிருமி நம் உயிரணுவின் மரபணுவுக்குள் புகுந்து ஒட்டிக்கொண்டால், இன்று புழக்கத்தில் உள்ள எந்த மருந்தும் அதைப் பிரித்தெடுக்காது. பொதுவாக டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் 28 நாள். பயம் தெளிந்ததும் பாதியில் நிறுத்திவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. இன்னொன்று, அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட். அது சேர்ந்தால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாக ஏறாது. ஆன்டாசிட்டுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ மாத்திரையை விழுங்குங்கள்.

இனி பிரெப். 300 மில்லிகிராம் டெனோஃபோவிரும் 200 மில்லிகிராம் எம்ட்ரிசிடபினும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. எச்ஐவி தடுப்புக்காக அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. விடாமல் எடுத்தால் உடலுறவு வழித் தொற்று ஏறத்தாழ 99 சதவீதம் குறைகிறது. 'விடாமல்' என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் மாத்திரையன்றே காப்பு வந்துவிடாது. ஆசனவாய்த் திசுக்களில் மருந்து நிறைய சுமார் 7 நாள், பெண்ணுறுப்புத் திசுக்களில் சுமார் 21 நாள் ஆகும். ஆகவே இடையிடையே மறந்தால் பெண்களுக்கே இழப்பு அதிகம். மறந்த மாத்திரையை நினைவு வந்ததும் எடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம்.

ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கு இன்னொரு முறை உண்டு. உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு மாத்திரை, அந்த முதல் வேளையிலிருந்து 24ஆம் மணியில் ஒன்று, 48ஆம் மணியில் ஒன்று. பெண்கள் இதைப் பின்பற்றக் கூடாது. கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) உள்ளவர்களும்தான்: டெனோஃபோவிர் அந்தக் கிருமியையும் அடக்கி வைக்கும், எடுத்தும் நிறுத்தியுமாக இருந்தால் கல்லீரல் நோய் சீறிக் கிளம்பலாம்.

தொடங்கும் முன் எச்ஐவி பரிசோதனை கட்டாயம். ஏற்கெனவே தொற்று இருப்பவருக்கு இந்த இரண்டு மருந்து போதாது. அரைகுறை அடியில் தப்பும் கிருமி, மருந்துக்கு அசையாத கிருமியாக மாறிவிடும். சமீபத்தில் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு என்று இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்; பரிசோதனையில் இன்னும் தெரியாத புதுத் தொற்றாக இருக்கலாம். சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவு, கல்லீரல் அழற்சி பி, இவற்றையும் பார்க்க வேண்டும். பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை எச்ஐவி பரிசோதனை. முதல் சில வாரம் குமட்டல், தலைவலி வரலாம். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். மேகவெட்டை (கொனோரியா), கிரந்தி (சிபிலிஸ்), கர்ப்பம் இவற்றைப் பிரெப் தடுக்காது. ஆணுறையின் வேலை அப்படியே இருக்கிறது.

தினம் மாத்திரை முடியாதவர்களுக்கு ஊசி. கபோடெக்ராவிர் புட்டத் தசையில்: முதல் இரண்டும் ஒரு மாத இடைவெளியில், பின் 2 மாதத்துக்கு ஒன்று. இதை நிறுத்தினாலும் மருந்து சிறுகச் சிறுக ஒரு வருடத்துக்கு மேலும் உடலில் வடியும். காக்கப் போதாத, கிருமியைப் பழக்கிவிடப் போதுமான அளவு அது. ஆபத்து தொடர்கிறது என்றால் இடைவெளி விடாமல் மாத்திரைக்கு மாறிவிடுவதே சரி.

எச்ஐவி தடுப்புக்காக 2025இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெனகாபவிர் ஊசி வயிற்றுத் தோலுக்கடியில், 6 மாதத்துக்கு ஒருமுறை. முதல் ஊசியன்றும் மறுநாளும் இரண்டிரண்டு மாத்திரை சேர்த்து எடுக்க வேண்டும். ஊசி மருந்து மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும். குத்திய இடத்தில் சிறு கட்டி மாதக்கணக்கில் தங்கலாம், அதைத் தேய்க்காதீர்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அது இந்த ஊசிகளின் மருந்தளவை வெகுவாகக் குறைத்துவிடும். கடைசி ஊசி போட்டு 28 வாரம் தாண்டிவிட்டதா? மீண்டும் பரிசோதனை, மீண்டும் அந்த இரண்டு நாள் மாத்திரை, பிறகே ஊசி.